மாதிரித் தகடு

மாலைதீவிலிருந்து அந்தக் கடிதம் வந்தபோது அனோஜா ஹிக்கடுவைக் கடற்கரையில், டைவிங் கடையின் பின்பக்கம், ரப்பர் உடுப்புகளை நல்ல தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தாள். கையைத் துடைக்கக்கூடப் பொறுமையில்லாமல் உறையைக் கிழித்ததில் கடிதத்தின் ஒரு மூலையும் சேர்ந்து கிழிந்துபோனது. ஒரு தீவு ஹோட்டலில், வரும் விருந்தினர்களைக் கடலுக்கடியில் கூட்டிப்போய்க் காட்டும் வழிகாட்டி வேலை. 2003 ஜூன் முதலாம் திகதி வந்து சேரவேண்டும். அவள் அதை நின்றபடி ஒரு முறையும், தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து இன்னொரு முறையும் படித்தாள். பிறகு எழுந்து, அலசிய உடுப்புகளையே மறுபடியும் அலசினாள்.

ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தவள் அவள். இருபது வயதில் ஹோட்டல் சமையலறைக்குப் பாத்திரம் கழுவ வந்தாள். அங்கிருந்து டைவிங் கடைக்கு உடுப்புக் கழுவப் போனாள். கழுவிய உடுப்பை ஒரு நாள் தானே போட்டுப் பார்த்தாள். கடைக்காரர் சிரித்துக்கொண்டே கடலுக்குள் கூட்டிப்போனார். ஏழு வருடத்தில் அவள் மற்றவர்களைக் கூட்டிப்போகும் அளவுக்கு வந்துவிட்டாள்.

கடிதத்தின் அடியில் இரண்டு வரி இருந்தது. தனக்கு வேண்டிய டைவிங் சாமான்களைத் தானே கொண்டுவர வேண்டும், சிலிண்டரும் ஈயக்கட்டியும் மட்டும் ஹோட்டல் தரும். தீவுக்குப் போகும் சின்ன விமானத்தில் ஆளுக்கு இருபது கிலோதான், கைப்பை உட்பட.

அந்த இரண்டு வரிதான் அவளை யோசிக்க வைத்தது. முகமூடி, துடுப்பு, சுவாசக்குழாய்க் கருவி எல்லாம் அவளிடம் சொந்தமாக இருந்தன. சிலிண்டரை முதுகில் தாங்குவதற்கும், காற்றடைத்து மிதப்பதற்கும் போடுகிற ஜாக்கெட்தான் இல்லை. இத்தனை நாள் கடையின் ஜாக்கெட்டைப் போட்டாள். அதையே தருவதாகக் கடைக்காரர் சொன்னார். ஆனால் அது காய்ந்தாலே ஐந்து கிலோ. மடித்தால் பெட்டியில் பாதியை அடைத்துக்கொள்ளும்.

அந்த வாரம் ஊருக்குத் திரும்பவிருந்த கிர்ஸ்டன் என்ற டென்மார்க்காரி வழி காட்டினாள். மூன்று சீசனாக அனோஜாவோடு டைவ் செய்தவள். அவள் ஜாக்கெட்டே போடுவதில்லை. முதுகில் ஒரு உலோகத் தகடு, அதில் கோத்த ஒரே நீள வார், தகட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் இறக்கை போல விரியும் ஒரு காற்றுப்பை. அதை விங் என்பார்கள். கழற்றினால் தகடு பெட்டியின் அடியில் தட்டையாகக் கிடக்கும், விங்கைச் சுருட்டி ஒரு மூலையில் திணித்துவிடலாம். கிர்ஸ்டனிடம் இரண்டு விங் இருந்தன. போகும்போது ஒன்றை விட்டுப்போகிறேன், உனக்கு எது வேண்டும் என்று கட்டிலில் விரித்துப் போட்டுக் கேட்டாள்.

ஒன்று பெரியது, புத்தம் புதியது, சிவப்புத் தையல் போட்டது. மற்றது சின்னது, வட்டமானது, ஓரம் வெளுத்தது. யாராக இருந்தாலும் முதலில் பெரியதைத்தான் தொடுவார்கள். அனோஜாவும் தொட்டாள். பிறகு யோசித்தாள். பெரியது குளிர்க்கடலுக்கு. அங்கே தடித்த உடுப்பு, இரட்டைச் சிலிண்டர், கூடுதல் ஈயம் என்று எல்லாமே பாரம். அதையெல்லாம் தூக்கக் காற்றும் நிறைய வேண்டும். மாலைதீவுத் தண்ணீர் வெதுவெதுவென்று இருக்கும். மூன்று மில்லிமீற்றர் உடுப்பு, ஒற்றைச் சிலிண்டர். அங்கே பெரிய விங்கைப் போட்டால் பாதிக் காற்றுப்பை சும்மா தொளதொளவென்று சிலிண்டரைச் சுற்றி ஆடிக்கொண்டிருக்கும். அவள் சின்னதை எடுத்தாள். கிர்ஸ்டன் அவள் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள்.

தகட்டைத் தர கிர்ஸ்டனால் முடியவில்லை, அவளிடம் இருந்தது ஒன்றுதான். அனோஜா அதை ஒரு மண்ணிறத் தாளில் வைத்து, ஓட்டைகளையும் வார் நுழையும் துளைகளையும் அச்சு மாறாமல் பென்சிலால் வரைந்துகொண்டாள். மே பிறந்ததும் கடல் கொந்தளிக்கத் தொடங்கியது, கடையை மூடினார்கள். ஒத்திகை பார்க்க ஒரு சிலிண்டரை நிரப்பித் தரும்படி கேட்டாள், கடைக்காரர் கொடுத்தார். சாக்கில் கட்டிய சிலிண்டரோடு ஹட்டன் ரயிலில் ஏறினாள். சமாதானம் வந்து ஒரு வருடம் கடந்திருந்த காலம். இருந்தும் கோட்டை ஸ்டேஷனில் ஒரு பொலிஸ்காரர் சாக்கை அவிழ்க்கச் சொன்னார். உள்ளே வெறும் காற்றுதான் என்று அவள் சிங்களத்தில் சொன்னதை அவர் நம்பவில்லை. சிலிண்டரின் வாயைத் திறந்து காற்றை உஸ்ஸென்று அவர் முகத்தில் அடித்துக் காட்டிய பிறகுதான் விட்டார்.

அவளுடைய அண்ணன் றொக்சன் தோட்டத்துத் தேயிலை பெக்டரியில் மெஷின்களைப் பழுது பார்க்கும் பிட்டர். இரும்பு அவன் சொன்னதைக் கேட்கும் என்று பெக்டரியில் பேச்சு. அவள் தாளை விரித்துக் காட்டியதும் அவன் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். கழித்துப்போட்ட சாமான்களில் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ள டீமேக்கர் அம்பலவாணர் அனுமதி கொடுத்தார். பெக்டரியில் தேயிலைத் தயாரிப்புக்கெல்லாம் பொறுப்பு அந்த யாழ்ப்பாணத்து மனிதர்தான்.

மூன்றாம் நாள் றொக்சன் லயத்துக்கு ஒரு தகட்டைக் கொண்டுவந்தான். தேயிலை உலர்த்தும் பழைய டிரையரின் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் வெட்டியது. ஓரமெல்லாம் உருட்டி, நடுவில் முதுகுக்கு ஏற்ற வளைவு கொடுத்து, முகம் பார்க்கலாம் போலப் பளபளவென்று தேய்த்திருந்தான். அம்மா பவுலின் அதைக் கையில் வாங்கி, தன் முகத்தைப் பார்த்து, தலைமுடியை ஒதுக்கிக்கொண்டாள்.

அனோஜா அதை வாங்கித் தூக்கிப் பார்த்தாள். அழகாகத்தான் இருந்தது. ஆனால் தூக்கியதுமே தெரிந்துவிட்டது, இரண்டே முக்கால் கிலோவுக்குக் குறையாது.

இதைவிட லேசாக ஏதும் கிடைக்குமா என்று மெதுவாகக் கேட்டாள். முதலில் அளவு பார்க்க லொறிப் பெட்டியின் பழைய அலுமினியத்தில் ஒரு மாதிரி வெட்டியதாகவும், அது வெறும் மாதிரி, ஓரம்கூடத் தேய்க்கவில்லை, வெர்க்‌ஷொப்பில் எங்கேயோ கிடக்கிறது என்றும் அவன் சொன்னான். "அலுமினியமெல்லாம் சட்டி செய்யத்தான் சரி. ஒன்னோட உசுரு தொங்குற சாமான் இது," என்றான். அவள் ஸ்டீல் தகட்டில் வாரைக் கோத்தாள், விங்கை மாட்டினாள். இனி அதை எங்கே போட்டுப் பார்ப்பது என்பதுதான் கேள்வி.

அந்தக் கேள்விக்கு மழை பதில் சொன்னது. இரண்டு நாள் விடாமல் அடித்த காற்றில் மின்கம்பங்கள் சாய்ந்து, ஊருக்கே கரண்ட் இல்லாமல் போனது. பெக்டரிக்குச் சொந்தமாகச் சின்னதொரு டர்பைன் உண்டு. மேலே இருக்கிற குளத்திலிருந்து குழாய் வழியாக இறங்கும் தண்ணீரில் அது ஓடும். அந்தக் காலை அதுவும் திணறி நின்றுவிட்டது. குழாய் வாயை மூடியிருக்கும் கம்பிச் சட்டத்தில் ஏதோ போய் அடைத்துக்கொண்டது. குளத்தை வடித்துப் பார்க்கலாமென்றால் அடி மதகு துருவேறித் திரும்பவில்லை. கொழுந்தைக் காற்றில் வாட்டும் தொட்டிகளில் கொழுந்து குவிந்து கிடந்தது. காற்றாடி சுற்றாவிட்டால் அத்தனையும் பொழுது சாய்வதற்குள் புழுங்கிச் சிவந்துவிடும்.

குளத்துக் காவல்காரன் மூக்கன் மூங்கிலால் குத்திப் பார்த்தான். மூன்று ஆள் ஆழம், மூங்கில் எட்டவில்லை. அனோஜாவுக்கு இது காதில் விழுந்தபோது அவள் தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு நேராக டீமேக்கரின் அறைக்குப் போனாள்.

அம்பலவாணர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "பிள்ளை, உந்தக் குழாய் ஆளை இழுத்துப்போடும். உமக்கு ஏதும் நடந்தால் உம்மட அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்லுறது?"

"வால்வ மூடினா தண்ணி இழுக்காதுங்க ஐயா. மூடிச் சங்கிலி போட்டுப் பூட்டி, சாவிய எங்கிட்ட குடுத்துடுங்க. நான் வெளிய வந்து குடுக்கிற வரைக்கும் யாரும் தொறக்க முடியாது."

அவர் மேசை மேலிருந்த கொழுந்து ஒன்றை எடுத்து விரலால் கசக்கி மோந்து பார்த்தார். பிறகு தானே எழுந்துபோய் வால்வைப் பூட்டி, சாவியைக் கொண்டுவந்து அவள் கையில் வைத்தார். அவள் அதைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

அரை மணி நேரத்தில் குளக்கரையில் ஐம்பது பேர் கூடிவிட்டார்கள். மழை கொஞ்சம் விட்டிருந்தது. அனோஜா உடுப்பை மாட்டினாள். ஸ்டீல் தகடு முதுகில் பளிச்சென்று மின்னியது. இடுப்பில் கயிற்றைக் கட்டி, மறுமுனையை றொக்சனிடம் கொடுத்தாள். ஒரு இழு என்றால் நலம், மூன்று என்றால் கட்டியதைத் தூக்கு, விடாமல் இழுத்தால் என்னைத் தூக்கு. தனியாக இறங்குவது டைவிங்கில் பெரிய தப்பு. கூட இறங்க அங்கே ஆள் இல்லாததால் கயிற்றைத் துணையாக வைத்துக்கொண்டாள். பயம் கொஞ்சம்தான். பத்து வயதில் துணி துவைத்த அதே குளத்தில், யாரும் பார்த்திராத அடிப்பக்கத்துக்குப் போகிறோம் என்ற குதூகலம்தான் அதிகம்.

இறங்கிய வேகத்தில் அது எல்லாம் போனது. கல்லைக் கட்டிப் போட்டதுபோல நேரே கீழே போனாள். விங்கில் காற்றை விடுவதற்குள் கால் இரண்டும் முழங்கால் வரை சேற்றில் புதைந்தன. சேறு கிளம்பி முகமூடிக்கு முன்னால் தன் கைவிரலே தெரியாமல் இருட்டிவிட்டது. காற்றை அடித்தாள், மேலே எழும்பினாள். கொஞ்சம் விட்டாள், மறுபடி சேறு. கம்பிச் சட்டத்தைக் கை தொடும், தொட்டதும் உடம்பு நழுவும். தண்ணீர் குளிர்ந்து கை விறைக்கத் தொடங்கியது. சிலிண்டரோ ஒன்றே ஒன்று, இப்படி மூச்சைச் செலவழித்தால் வேலை முடியாது. அவள் மேலே வந்தாள்.

வெறுங்கையோடு வந்தவளைக் கண்டதும் கரையில் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கொழுந்து நிறுக்க வந்த பெண்களோடு அம்மாவும் வந்து சேர்ந்திருந்தாள், கூடையை இறக்காமல்.

அனோஜாவுக்கு என்ன தப்பென்று புரிந்துவிட்டது. உப்புத் தண்ணீர் ஆளைத் தூக்கிக் கொடுக்கும், குளத்துத் தண்ணீர் அவ்வளவு தூக்காது. கடலில் சரியாக இருக்கும் பாரம் இங்கே கூடுதல். அண்ணனின் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"அண்ணே, அந்த மாதிரித் தகட்டக் கொண்டு வா."

றொக்சன் அப்படியே நின்றான். அவன் காது சிவந்ததை அவள் பார்த்தாள். ஐம்பது பேருக்கு முன்னால் சொல்லவேண்டியதாகிவிட்டது. பிறகு கயிற்றை மூக்கன் கையில் திணித்துவிட்டு, பெக்டரிப் பக்கம் ஓடினான்.

"ஏறி வந்துட்டேல்ல, போதும்மா," என்றாள் பவுலின்.

"இனித்தாம்மா சரியா எறங்கப் போறேன்."

அவன் கொண்டுவந்த தகடு பார்க்கச் சகிக்கவில்லை. ஒரு பக்கம் பழைய பச்சைப் பெயின்ட், மறுபக்கம் கீறல். துளைகள் மட்டும் அச்சு மாறாமல் இருந்தன. ஸ்டீலில் பாதி எடைகூட இல்லை. றொக்சன் கரையிலேயே குந்தி, அரத்தால் துளைகளின் கூர் ஓரங்களைத் தேய்த்துக் கொடுத்தான். இல்லாவிட்டால் வாரை அறுத்துவிடும். வாரை மாற்றிக் கோத்து, விங்கை மாட்டி, சிலிண்டரை இறுக்க கால் மணி நேரம் ஆனது. அதற்குள் குளத்தில் கலங்கிய சேறும் கொஞ்சம் அடங்கியது.

இந்த முறை அவள் இறங்கியது யாருக்கும் தெரியவே இல்லை. மூச்சை விட்டாள், தண்ணீர் தலைக்கு மேலே மூடியது. மெதுவாக, மிக மெதுவாக உடம்பு கீழே போனது. மார்பை நிரப்பி ஒரு மூச்சு இழுத்தாள், நின்றது. விங்கில் ஒரு சொட்டுக் காற்று. அவ்வளவுதான். சேற்றுக்கு ஒரு முழம் மேலே, குப்புறப் படுத்தபடி, எதையும் தொடாமல் தொங்கிக்கொண்டிருந்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்து, முகமூடிக்குள் கொஞ்சம் தண்ணீர் புகுந்தது.

மங்கலான பழுப்பு வெளிச்சத்தில் கம்பிச் சட்டம் தெரிந்தது. அதன் முழு அகலத்துக்கும் ஒரு படங்கு போர்த்திக் கிடந்தது. மழைக்குப் பெண்கள் இடுப்பில் சுற்றிக்கொள்கிற தார்ச்சீலை. அதன் மேலே கிளை, புல், தேயிலைக் குச்சி என்று சந்தையே கூடியிருந்தது. துடுப்பை மெல்ல ஒரு அசை, பக்கத்தில் போனாள். ஒரு கையால் கம்பியைப் பிடித்து, மறுகைக் கத்தியால் அறுத்தாள். கிளைகளை ஒவ்வொன்றாக விலக்கினாள். உடம்பு அப்படியே தொங்கியது, சேறு கிளம்பவில்லை, கை சொன்ன வேலையைச் செய்தது. முதுகில் இருப்பதைப் பற்றி ஒரு நினைப்பும் வரவில்லை. கடைசியில் படங்கை உருட்டி, இடுப்புக் கயிற்றோடு கரையிலிருந்து கொண்டுவந்த இன்னொரு கயிற்றின் முனையில் கட்டி, மூன்று இழு இழுத்தாள். அது ஆடி ஆடி மேலே போவதைக் கீழேயிருந்து பார்த்தாள்.

அவள் தலை வெளியே வந்தபோது கரையில் சிரிப்பு வெடித்துக்கொண்டிருந்தது. படங்கின் மூலையில் போட்டிருந்த சிவப்பு ஒட்டுத் துணியைப் பார்த்துக் காளியாயி என்ற பெண் அது தன்னுடையதுதான் என்று அடையாளம் சொல்லிவிட்டாள். காற்றில் பறந்துபோனதை முந்தா நாளிலிருந்து தேடிக்கொண்டிருக்கிறாளாம். அவளை எல்லாரும் பிடித்துக் கேலி செய்ய, அவளோ அதைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டாள். அனோஜா கழுத்திலிருந்த சாவியைக் கழற்றி டீமேக்கரிடம் கொடுத்தாள். சற்று நேரத்தில் கீழே பெக்டரியிலிருந்து காற்றாடிகளின் இரைச்சல் கேட்டது. அம்பலவாணர் அந்தத் திசையில் காதைக் கொடுத்து நின்றார். "கொழுந்து தப்பியிட்டுது," என்றார், வேறு யாரிடமோ சொல்வதுபோல.

பவுலின் அப்போதுதான் கூடையை இறக்கினாள். மகளின் விறைத்த விரல்களைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துத் தேய்த்தாள். ஏழு வருடமாக மகள் என்ன வேலை செய்கிறாள் என்று யாராவது கேட்டால் ஹோட்டலில் இருக்கிறாள் என்றுதான் சொல்லிவந்தாள். அன்று பக்கத்தில் நின்ற பெண்ணிடம், எம் மக தண்ணிக்குள்ள நிப்பா, நிக்கிறது தெரியாம நிப்பா என்று சொல்லிக்கொண்டிருந்தது அனோஜாவுக்குக் கேட்டது.

மாலையில் அவள் வெர்க்‌ஷொப்புக்குப் போனாள். றொக்சன் ஸ்டீல் தகட்டைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். கடலுக்கு எது சரி, உண்மையைச் சொல் என்று கேட்டான். அவள் உண்மையைத்தான் சொன்னாள். கடலில் ஸ்டீலே நல்லது, அதன் பாரமே ஆளை அமிழ்த்தும், ஈயம் அவ்வளவு கட்டவேண்டியதில்லை. அலுமினியத்தோடு போனால் இரண்டு கட்டியாவது கூடுதலாகக் கட்டவேண்டிவரும்.

"அப்பறம் ஏன்?"

"ஈயம் அந்தத் தீவுல கெடக்கு அண்ணே, கேட்டா குடுப்பாங்க. ப்ளேன்ல எடம் கேட்டா குடுக்க மாட்டாங்க. ரயில்ல போற கடலுக்கெல்லாம் ஸ்டீலத்தான் கொண்டு போவேன். இனித் திருகோணமலைக்கும் போகலாம்ங்கிறாங்க."

அவன் மாதிரித் தகட்டை எடுத்து வைஸ் பிடியில் இறுக்கினான். ஓரமெல்லாம் உருட்டினான், கீறல்களைத் தேய்த்தான். நடுவில் தேவையில்லாத இடத்தில் இரண்டு பெரிய ஓட்டைகள் போட்டு இன்னும் எடையைக் குறைத்தான். பச்சைப் பெயின்ட்டைச் சுரண்டவா என்று கேட்டபோது வேண்டாமென்றாள். கொழுந்து நிறுக்கும் தராசில் பெட்டியை ஏற்றினார்கள். பதினெட்டரை. றொக்சன் ஸ்டீல் தகட்டை அதன் மேலே வைத்துப் பார்த்தான், முள் இருபதைத் தாண்டியது. தலையை ஆட்டிக்கொண்டே எடுத்துவிட்டான்.

ஜூன் இரண்டாம் திகதி காலை, தீவின் வெளித் திட்டில் அவள் முதல் முறை இறங்கினாள். புதியவளைச் சோதிக்க வந்த தலைமை வழிகாட்டியான இத்தாலியர் பச்சைத் தகட்டை ஒரு முறை பார்த்துவிட்டுத் தன் துடுப்பை மாட்டினார். படகிலேயே இரண்டு ஈயக்கட்டி கட்டினாள், தண்ணீரில் இறங்கிப் பார்த்தால் போதவில்லை, மூன்றாவதைக் கேட்டு வாங்கினாள். பிறகு நீலம். ஹிக்கடுவையில் பத்து மீற்றருக்கு அப்பால் புகைபோலத்தான் தெரியும். இங்கே கண் போகிற தூரத்துக்கு முடிவே இல்லை. விங்கில் இரண்டு மூச்சுக் காற்று விட்டாள், பவளத் திட்டின் விளிம்பில் தொங்கினாள். திட்டுக்கு அப்பாலிருந்து லொறிப் பெட்டி அகலத்துக்கு ஒரு திருக்கை, இறக்கையை மெல்ல அடித்தபடி அவளை நோக்கி வந்தது. அதன் பின்னால் இன்னொன்று. அதன் பின்னால் நான்கு. முதலாவது அவள் தலைக்கு மேலே ஒரு கை தூரத்தில் கடந்தபோது, அதன் வெள்ளை வயிறு வெயிலை மறைத்தது. இத்தாலியர் ஐந்து விரலையும் விரித்துக் காட்டி, பிறகு மறுகையில் ஆறாவதையும் காட்டினார். அவள் மூச்சை அடக்காமல், ஆழமாக, ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே இழுத்தாள்.

அன்று பகலே பெக்டரி ஒபிசுக்குப் போன் எடுத்தாள். றொக்சன் வந்து ரிசீவரை வாங்கியதும் முதலில் கேட்டது, துளை வாரை அறுக்கிறதா என்றுதான். இல்லை என்றாள். திருக்கைகளைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள், எத்தனை பெரியது, எவ்வளவு கிட்டத்தில் வந்தது என்று. சொல்லி முடிக்க முடியவில்லை, மூச்சு வாங்கியது. அவன், நிறுத்தி நிறுத்திச் சொல்லு, டீமேக்கர் ஐயாவும் கேட்கணுமாம் என்று சொல்லி, ரிசீவரை இருவர் காதுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டான்.